கார் என்பதா, லாரி என்பதா? ஒரு சொல்வரையறையின் வரலாறு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து அண்மையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கணிப்பொறி அறிவியல் படித்தவராயினும் முதற்பகுதித் தமிழ் வகுப்பில் என்னிடம் பயின்றவர் என்பதால் இன்றுவரை தொடர்பு விட்டுப்போகவில்லை. புதிய வண்டி வாங்க விரும்புவதாகவும், நடுத்தர அளவுள்ள சொகுசு எஸ்யூவிகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். லெக்சஸ் ஆர்எக்ஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்5, மெர்சிடஸ் ஜிஎல்இ, அக்யூரா எம்டிஎக்ஸ், வால்வோ எக்ஸ்சி90 என்பன அவை. விலை, தோல் இருக்கை, ஒலியமைப்பு, மூன்றாம் வரிசை இருக்கை எனப் பதினான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையையும் இணைத்திருந்தார். "மூன்று மாதமாகப் பார்க்கிறேன் ஐயா. ஐந்தும் ஒன்றுபோலவே இருக்கின்றன. உயரத்தில் உட்கார்ந்தால் பாதுகாப்பாக இருக்கிறது என்கிறாள் மனைவி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடித்திருந்தார்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆயினும் 'ஐந்தும் ஒன்றுபோலவே' என்ற தொடர் என்னை உறுத்தியது. ஜெர்மனி, ஜப்பான், சுவீடன் என மூன்று நாட்டு நிறுவனங்கள் ஏன் ஒரே உயரத்தில், ஒரே வடிவில், ஒரே எடையை நெருங்கிய வண்டிகளைச் செய்கின்றன? விடை தேடிப் படித்தபோது, பொறியியலைக் காட்டிலும் ஒரு சொல்லின் வரையறையே இதில் பெரும்பங்கு வகித்திருப்பதை அறிந்து வியந்தேன். அந்த வரலாற்றைச் சுருக்கமாக இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

போர்க்களமும் பண்ணையும்

கதை போரில் தொடங்குகிறது. 1941 முதல் போர் முடியும்வரை வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை அமெரிக்கப் படைக்காக உருவாக்கின. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் அந்தச் சிறு வண்டியைப் போருக்குப்பின் உலகம் விடவில்லை. நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனம் 1947இல் அதனைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. தாசில்தார் ஜீப்பும் காவல்துறை ஜீப்பும் அந்த வழிவந்தவையே. இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் பயன்படுத்திய ஜீப்பை முன்மாதிரியாகக் கொண்டு உருவான லேண்ட்ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. எஃகுத் தட்டுப்பாட்டினால் அதன் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. சொகுசுக்கும் இவற்றுக்கும் எந்த உறவும் இல்லை.

சொகுசு மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது. 1963ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ஜீப் வேகனீர், நாற்சக்கர இயக்கத்தோடு தானியங்கிக் கியரையும் தந்தது. 1970இல் வந்த ரேஞ்ச்ரோவரின் முதல் வடிவத்தில் வினைல் இருக்கைகளும், நீர் பாய்ச்சிக் கழுவத்தக்க தரையும் இருந்தன. காலையில் பண்ணைக்கும் மாலையில் விருந்துக்கும் செல்லும் சீமானுக்கான வண்டி அது. மறு ஆண்டே பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் தொழில்வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது. (அந்த லேண்ட்ரோவர் நிறுவனம் 2008இல் ஜாகுவாருடன் சேர்த்து டாடா மோட்டார்ஸின் உடைமையானது வேறொரு கதை.) இத்தகைய வண்டிகள் அன்று சிறுபான்மையே. அவற்றைப் பெரும்பான்மையாக்கியது அமெரிக்கச் சட்டம்.

கோழியில் தொடங்கிய வரி

முதற்காரணம் கோழி என்றால் நம்புவது கடினம். அறுபதுகளின் தொடக்கத்தில் மலிவான அமெரிக்கக் கோழியிறைச்சி மீது ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாகக் குடியரசுத் தலைவர் ஜான்சன் 1963 டிசம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி ஆகியவற்றோடு இலகுரகச் சரக்கு வாகனங்களுக்கும் 25 விழுக்காடு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. கோழிச் சண்டை ஓய்ந்தது. ஏனைய மூன்றன் மீதான வரியும் பின்னர் நீங்கியது. சரக்கு வாகனத்தின் மீதான வரி மட்டும் நிலைத்தது. இதன் விளைவாக, கார்ச் சந்தையில் ஜப்பானியரோடு போராடிய டெட்ராய்ட் நிறுவனங்களுக்கு லாரிச் சந்தை வேலியிட்ட தோட்டமாயிற்று. போட்டி குறைந்த இடத்தில் ஆதாயம் மிகுதி. ஆதாயம் மிகுந்த இடத்தில் முதலீடும் மிகுதி.

இரண்டாம் காரணம் எண்ணெய். 1973ஆம் ஆண்டு எண்ணெய்த் தடையால் அதிர்ந்த அமெரிக்கா, 1975 டிசம்பரில் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985க்குள் கேலனுக்கு 27.5 மைலாக (லிட்டருக்கு ஏறத்தாழ 11.7 கிலோமீட்டர்) உயரவேண்டும் என்றது அச்சட்டம். ஆனால் உழவரும் தச்சரும் கட்டடத் தொழிலாளரும் பயன்படுத்தும் சரக்கு வண்டியைக் காரோடு சேர்த்து அளப்பது நியாயமன்று என்பதால் 'இலகுரகச் சரக்கு வாகனம்' தனி வகையாகப் பிரிக்கப்பட்டு, அதற்குத் தளர்வான அளவு வகுக்கப்பட்டது. 1996 முதல் 2004 வரை அது 20.7 மைலிலேயே, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 8.8 கிலோமீட்டரிலேயே நின்றது.

இச்சலுகை நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. சிக்கல் வரையறையில் இருந்தது. ஓட்டுபவர் உழவரா, வழக்கறிஞரா என்று சட்டம் கேட்கவில்லை. வண்டியின் உடலை அளந்தது. நாற்சக்கர இயக்கமோ 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட மொத்த எடையோ இருந்து, தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே 20 சென்டிமீட்டர், முன்பக்கம் ஏறுகோணம் 28 பாகை முதலான ஐந்து அளவுகளில் நான்கு பொருந்தினால் அது சரக்கு வாகனம். இருக்கைகளை அகற்றித் தட்டையான தரை கிடைத்தாலும் அது சரக்கு வாகனம். இலக்கணம் எழுதியவர்கள் வழக்கைக் கண்டு விதி வகுத்தார்கள். நிறுவனங்கள் விதியைக் கண்டு வழக்கை உண்டாக்கின.

அதன்பின் வந்த வரிகளும் அதே வரையறையைப் பின்பற்றின. 1978இல் எரிபொருளை அதிகம் குடிக்கும் வண்டிகளுக்கென இயற்றப்பட்ட வரி கார்களை மட்டுமே தொட்டது. 1991இல் 30,000 டாலருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்குப் பத்து விழுக்காடு சொகுசு வரி வந்தபோது, மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டிய சரக்கு வாகனங்கள் தப்பித்தன. 2003இல் சிறுதொழிலுக்காகக் கருவி வாங்குவோர் ஒரு லட்சம் டாலர் வரை அவ்வாண்டே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. 6,000 பவுண்டைத் தாண்டிய எஸ்யூவியும் அதில் அடங்கியது. அடுத்த ஆண்டு, எஸ்யூவிகளுக்கு அவ்வரம்பு 25,000 டாலராகக் குறைக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு வழக்கு. நிசான் பாத்ஃபைண்டரின் இருகதவு வண்டியைச் சரக்கு வாகனமெனக் கருதி, சுங்கத்துறை 25 விழுக்காடு வரி கேட்டது. இல்லை, இது மனிதர் பயணம் செய்வதற்கென வடிவமைக்கப்பட்டது, எனவே கார்களுக்குரிய 2.5 விழுக்காடே பொருந்தும் என்று 1993இல் வர்த்தக நீதிமன்றமும் 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. ஆக, துறைமுகத்தில் அது கார். எரிபொருள் கணக்கிலோ அது லாரி. ஒரே சொல் இருபொருள் தருவதைச் சிலேடையில் நாம் சுவைக்கிறோம். இங்கே ஒரே பொருள் இரு பெயர் பூண்டு இரு சலுகைகளையும் பெற்றுக்கொண்டது.

லாரியின் உடையணிந்த கார்

1984ஆம் ஆண்டு மாதிரியான ஜீப் செரோக்கியும், 1990இல் பிக்கப் லாரியின் அடித்தளத்தின்மீது எழுந்த ஃபோர்டு எக்ஸ்புளோரரும் நடுத்தரக் குடும்பங்களை இவ்வகைக்கு இழுத்தன. ஆனால் அவை லாரியைப்போலவே குலுங்கின. அடுத்த திருப்பத்தைச் செய்தது டொயோட்டா. கேம்ரி காரின் அடித்தளத்தின்மீது உயரமான உடலை ஏற்றி 1997 இறுதியில் ஜப்பானில் ஹாரியர் என்றும், 1998இல் அமெரிக்காவில் லெக்சஸ் ஆர்எக்ஸ் 300 என்றும் விற்றது. காரின் மென்மை, லாரியின் தோற்றம், சட்டத்தில் லாரியின் சலுகை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தன. க்ராஸ்ஓவர் என்று இன்று நாம் சொல்லும் சொகுசு வகையின் மூலப்படிவம் அதுவே எனலாம்.

மற்றவர்கள் விரைந்து வந்தனர். மெர்சிடஸ் 1997இல் அலபாமாவிலும், பிஎம்டபிள்யூ 1999இல் தென்கரோலினாவிலும் தம் முதல் சொகுசு எஸ்யூவிகளை அமெரிக்க மண்ணிலேயே தயாரித்தன. 2000இல் மூன்று வரிசை இருக்கைகளோடு அக்யூரா எம்டிஎக்ஸ், 2002இல் வால்வோ எக்ஸ்சி90, அதே ஆண்டு பந்தயக் கார்களுக்குப் பெயர்பெற்ற போர்ஷேயின் கேயென். என் மாணவரின் அட்டவணை ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. வரையறைக்குள் நுழைவதே குறிக்கோளானதும் சில கார்களும் உயர்ந்தன: 2005ஆம் ஆண்டு மாதிரியில் சுபாரு தன் அவுட்பேக் காரின் அடிப்பகுதியைச் சற்றே உயர்த்திச் சரக்கு வாகன வகைக்குள் கொண்டுசேர்த்தது.

உயரத்தின் விலை

உயரத்துக்கு ஒரு விலை இருந்தது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப்பெற்றது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்புளோரரில் பொருத்தப்பட்டவை. டயர் பிய்ந்ததும் வண்டி உருண்டு நேர்ந்த விபத்துகளில் 271 மரணங்களை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை பதிவுசெய்தது. உயரமான வண்டி எளிதில் உருளும் என்பதைப் பொதுமக்கள் அப்போதுதான் உணர்ந்தனர்.

மற்றொரு விலையைச் செலுத்தியவர்கள் வெளியே இருந்தவர்கள். மோதலின்போது எஸ்யூவியின் வலுவான சட்டகம் எதிரேவரும் காரின் பம்பருக்கு மேலேறி, கதவையும் மனிதரையும் தாக்கியது. எக்ஸ்சி90இல் வால்வோ, கார்களின் பம்பர் உயரத்தில் கீழே ஒரு குறுக்குச் சட்டத்தை வைத்தது இதை எண்ணியே. 2003 டிசம்பரில் நிறுவனங்கள் தாமாகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 2009க்குள் முன்பக்கச் சட்டங்களின் உயரத்தைச் சீராக்க ஒப்புக்கொண்டன. 2012ஆம் ஆண்டு மாதிரி முதல் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு எல்லா இலகுரக வாகனங்களிலும் கட்டாயமானது. உருளுதலும் குறைந்தது, எதிரே காரில் வருவோரின் ஆபத்தும் குறைந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

நடந்துசெல்வோரின் நிலை அவ்வாறன்று. அமெரிக்காவில் 2009இல் ஏறத்தாழ 4,100ஆக இருந்த பாதசாரி மரணங்கள் 2022இல் 7,500ஐ எட்டின. சாலை அமைப்பு, வேகம், கைப்பேசி எனக் காரணங்கள் பல. ஆயினும் வண்டியின் முகமும் ஒரு காரணம். காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, பானட் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ தாழ்ந்து சரிந்த முகப்புடைய வண்டியைவிடப் பாதசாரி இறப்பதற்கான வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு கூடுதல். நாற்பது அங்குலம் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர். ஏழு வயதுக் குழந்தையின் தோளளவு.

வரையறையும் மாறிக்கொண்டே வந்தது. 2011ஆம் ஆண்டு மாதிரி முதல் இருசக்கர இயக்கமுள்ள சிறிய எஸ்யூவிகள் கார்களின் கணக்கில் சேர்க்கப்பட்டன. அதனால் ஒரே பெயர்ப்பலகை தாங்கிய இரு வண்டிகளில் ஒன்று காராகவும், நாற்சக்கர இயக்கமுள்ள மற்றொன்று லாரியாகவும் ஆயின. சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பைக் கொண்டு இலக்கு வகுக்கப்பட்டதால், பெரிய வண்டிக்கு எளிய இலக்கு கிடைத்தது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் இவ்விலக்கைத் தவறவிடுவோருக்கான அபராதத்தைச் சுழியமாக்கியது. சட்டத்தின் பிடி தளர்ந்தது. அது வார்த்தெடுத்த வடிவமோ அப்படியே நிற்கிறது.

இவற்றையெல்லாம் மாணவருக்கு எழுதினேன். எந்த வண்டி என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தகுதியும் இல்லை. நான்கு கேள்விகளை மட்டும் வைத்தேன். ஆண்டில் எத்தனை நாள் மூன்றாம் வரிசை நிரம்பும்? நாற்சக்கர இயக்கம் வேண்டிய அளவுக்குப் பனி பொழியுமா, அல்லது நல்ல டயர் போதுமா? இருட்டில் நடப்பவரைக் கண்டு தானே நிற்கும் பிரேக் சோதனையில் அந்த வண்டி எப்படித் தேறியது? உங்கள் அட்டவணையின் பதினான்கு பத்திகளும் வண்டிக்குள் இருப்பவரைப் பற்றியவை. வெளியே நிற்பவருக்கென ஒரு பத்தி உண்டா?

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. விற்பனைக் கூடத்துக்கு மகளையும் அழைத்துச் சென்றாராம். ஒவ்வொரு வண்டியின் முன்னும் அவளை நிற்கச் சொல்லிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்த்திருக்கிறார். ஒன்றில் அவளுடைய முகம் முழுவதும் தெரிந்ததாம். ஒன்றில் தலைமுடியில் கட்டியிருந்த ரிப்பன் மட்டும் தெரிந்ததாம். "பதினைந்தாவது பத்தியைச் சேர்த்துவிட்டேன் ஐயா, பட்டியலில் இப்போது இரண்டு வண்டிகள்தாம் மிச்சம்" என்று எழுதியிருந்தார்.