வருகைப் பதிவேடும் நிலப் பதிவேடும்

1

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடுகிறார். ‘உள்ளேன் ஐயா’ என்றால் ஒரு குறி. பதில் வராவிட்டால் வேறொரு குறி. இதில் என்ன பெரிய அரசியல் என்று தோன்றும். ஆனால் வராத பிள்ளை ஏன் வரவில்லை, எந்தக் காரணம் செல்லும், எது செல்லாது, அதைத் தீர்மானிப்பது யார் என்று கேட்க ஆரம்பித்தவுடனே அரசு வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை அதன் விதியைவிட விதிவிலக்குகளே காட்டிக்கொடுக்கின்றன.

19ஆம் நூற்றாண்டு நியூஸிலாந்தை எடுத்துக்கொள்வோம். காலனிய அரசின் அரசிதழில் பள்ளிகள் பற்றிய விதிகளும் மாவோரி நிலம் பற்றிய அறிவிப்புகளும் ஒரே தாளில்தான் அச்சாகி வந்தன. நாம் வாசிக்கும்போது மட்டும் ஒன்றைக் கல்வி வரலாறு என்றும் மற்றதை நில வரலாறு என்றும் பிரித்துவிடுகிறோம். கல்வி என்றால் நல்ல காரியம், நிலப்பறி என்றால் கெட்ட காரியம். காலனியம் பாதி நல்லது பாதி கெட்டது என்று கணக்கை நேர் பண்ணிவிடலாம். இந்தக் கணக்கில்தான் எனக்குச் சந்தேகம். இரண்டும் ஒரே உத்தியின் இரண்டு பக்கங்கள். அந்த உத்திக்குப் பெயர் வருகை.

2

1877இல் நியூஸிலாந்து நாடாளுமன்றம் கல்விச் சட்டத்தை இயற்றியது. இலவசம், மதச்சார்பின்மை, கட்டாயம் என்று மூன்று கொள்கைகள். 7 வயதுக்கும் 13 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை, வீட்டிலிருந்து இரண்டு மைலுக்குள் பள்ளி இருந்தால், பள்ளி நடக்கும் காலத்தில் பாதியாவது வந்தாக வேண்டும். இரண்டு மைல் என்பது சாலை வழியே அளந்த தூரம். உள்ளூர்ப் பள்ளிக் குழு சில காரணங்களுக்காக விலக்குத் தரலாம். பிள்ளை வேறெங்காவது முறையாகப் படிக்கிறது. நோய் நொடி அல்லது வேறு தகுந்த காரணம். பாதை நடக்கிற நிலையில் இல்லை. பிள்ளை ஏற்கெனவே உரிய தரத்தை எட்டிவிட்டது. அவ்வளவுதான்.

பட்டியலைப் படித்தால் ஒரு குடும்பம் கண்முன் தெரிகிறது. சொந்தப் பண்ணை, நிலையான வீடு, வீட்டு வாசல் வரை வரும் சாலை, எப்போதாவது காய்ச்சல். குடியேறிய வெள்ளையரின் குடும்பம் இது. அதே சட்டம் மாவோரிகளைத் தான் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னது. விரும்பினால் அவர்கள் பிள்ளைகளை அனுப்பலாம். எவ்வளவு பெருந்தன்மை! ஓர் இனத்துக்கே மொத்தமாக விலக்கு. விலக்கு என்பது சலுகையாகவும் இருக்கலாம், விலக்கி வைப்பதாகவும் இருக்கலாம். தமிழில் இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான்.

மாவோரிகளுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. 1867ஆம் ஆண்டின் சுதேசிப் பள்ளிச் சட்டம் அது. ஒரு கிராமத்துக்குப் பள்ளி வேண்டுமென்றால் கிராமத்தார் கேட்க வேண்டும். இடம் கொடுக்க வேண்டும். கட்டடச் செலவில் பாதியையும் ஆசிரியர் சம்பளத்தில் கால் பங்கையும் ஏற்க வேண்டும். பாடம் முடிந்தவரை ஆங்கிலத்தில்தான். பணப் பங்களிப்பை 1871இல் தளர்த்தினார்கள். இடம் கொடுப்பது மட்டும் நின்றது. ஆக, மாவோரிப் பிள்ளை பள்ளிக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே மாவோரி நிலம் பள்ளிக்குப் போய்விடுகிறது. 1879இல் இந்தப் பள்ளிகள் கல்வித் துறையிடம் வந்தன. மறு ஆண்டே ஆய்வாளர் ஜேம்ஸ் போப் விதித்தொகுப்பொன்றை எழுதினார். ஆசிரியரின் ஊதியம் சராசரி வருகையோடு கட்டப்பட்டது. பிள்ளை வராவிட்டால் ஆசிரியரின் வயிற்றில் அடி. வராமலே போனால் பள்ளியை மூட வேண்டியதுதான்.

பிள்ளைகள் ஏன் வரவில்லை? ஆய்வாளர்களின் ஆண்டறிக்கைகளில் காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: உருளைக்கிழங்கு நடவு, வடக்கே கவுரிப் பிசின் தோண்டல், சாவு வீடு, நோய். இவற்றோடு இன்னொன்றும் வருகிறது. பெற்றோர் நில நீதிமன்றத்துக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகளையும் கூடக் கூட்டிப்போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

3

1862, 1865 சட்டங்களால் உருவானது சுதேசி நில நீதிமன்றம். குலத்துக்குப் பொதுவாக இருந்த நிலத்தைப் பெயர் எழுதிய உரிமைப் பத்திரமாக மாற்றுவது இதன் வேலை. பத்திரம் ஆனால்தானே விற்க முடியும்? 1865 சட்டப்படி ஒரு பத்திரத்தில் பத்துப் பெயர்களுக்கு மேல் ஏறாத வழக்கம் வந்தது. குலத்தார் அனைவருக்குமான காப்பாளர்கள் என்று மக்கள் நினைத்து அனுப்பிய பத்துப் பேர், சட்டத்தின் கண்ணில் நிலத்தின் சொந்தக்காரர்கள் ஆனார்கள். மற்றவர்கள்? பதிவேட்டில் இல்லை. இல்லையென்றால் இல்லைதான்.

இந்த நீதிமன்றத்தின் அடிப்படை விதி மிக எளிமையானது. தன் முன்னே வந்து சொன்ன சாட்சியத்தை வைத்து அது தீர்ப்புச் சொல்லும். வராதவனுக்காக அது பேசாது. எவனோ ஒருவன் ஒரு நிலத்துக்கு மனுப்போட்டால் போதும், அந்த நிலத்தில் உரிமையுள்ள எல்லோரும் கிளம்பிப் போயாக வேண்டும். நீதிமன்றம் கூடுவதோ வெள்ளையர் நகரங்களில். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருப்பு. தங்க இடமில்லை, கூடாரம்தான். கடைக்காரனிடம் கடன், சாராயக் கடையில் கடன், அளவையாளருக்குக் கூலி, வழக்கறிஞருக்குக் கூலி. வழக்கில் ஜெயித்தவனும் கடனை அடைக்க ஜெயித்த நிலத்தை விற்றான். கூட்டம் நெருக்கியடித்த கூடாரங்களில் நோய் பரவியது. ஊரில் பயிர் பார்க்க ஆளில்லை.

போகாமல் இருந்தால்? வைக்காட்டோப் பகுதியில் 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கரை ‘கலகக்காரர்’களிடமிருந்து அரசு பறிமுதல் செய்தது. அதற்குப் பிறகு மாவோரி மன்னர் இயக்கத்தார் பலர் அரசின் நீதிமன்றத்தையும் புறக்கணித்தார்கள், அரசின் பள்ளியையும் புறக்கணித்தார்கள். புறக்கணிப்பு ஓர் அரசியல் பேச்சு. ஆனால் பதிவேட்டில் அந்தப் பேச்சை எழுத இடம் கிடையாது. நீதிமன்றத்தில் அதன் பெயர் வராமை. நிலம் வந்தவர்களுக்குப் போனது. பள்ளியில் அதன் பெயர் அக்கறையின்மை. எதிர்ப்பை வெறும் இன்மையாக மாற்றி எழுதும் வித்தை பதிவேட்டுக்குத்தான் உண்டு.

இப்போது ஒரு மாவோரித் தாயை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நிலத்தைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் வருகை தர வேண்டும். மறுபக்கம் பள்ளியைக் காப்பாற்றப் பிள்ளை வகுப்பில் வருகை தர வேண்டும். இரண்டு வருகையையும் கேட்பது ஒரே அரசு. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? காய்ச்சல் என்றால் விலக்கு உண்டு, சேறு என்றால் விலக்கு உண்டு. ‘உங்கள் நீதிமன்றம்தான் கூப்பிட்டது சாமி’ என்பதற்குத் தனியாக ஒரு வரி கிடையாது. ‘வேறு தகுந்த காரணம்’ என்பதில் அது அடங்குமா என்பதும் அதிகாரியின் மனசைப் பொறுத்தது.

சாலைக் கதை இன்னும் அழகு. சாலை இல்லையென்றால் விலக்கு. சாலை எப்படி வந்தது? மாவோரி நிலத்தில் 5 சதவீதம் வரை இழப்பீடே இல்லாமல் சாலைக்கு எடுத்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் இருந்தது.

4

1877க்கு வருவோம். கல்விச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில் ஒரு வழக்கும் தீர்ப்பாயிற்று: வி பராத்தா எதிர் வெலிங்டன் ஆயர். நியூஸிலாந்துச் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த வழக்கு தெரியும். தலைமை நீதிபதி பிரென்டர்காஸ்ட் 1840ஆம் ஆண்டின் வைட்டாங்கி உடன்படிக்கையை வெறும் செல்லாக்காசு என்று தள்ளிய வழக்கு. மாவோரிகளிடம் ஒப்பந்தம் போடத் தகுந்த அரசோ சட்டமோ இருக்கவில்லை என்பது வாதம். அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு இந்தத் தீர்ப்பு மாவோரிகளின் உரிமைக் கோரிக்கைகளுக்குக் குறுக்கே நின்றது. 1901இலேயே லண்டன் பிரிவி கவுன்சில் வேறு மாதிரிப் பேசியும் உள்ளூர் நீதிமன்றங்கள் அவ்வளவாக அசைந்து கொடுக்கவில்லை.

ஆனால் வழக்கு எதைப் பற்றியது? ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. பெரும்பாலும் மறந்துபோகிற சேதி இது. 1848இல் ஙாத்தி தோவா குலத்தார் போரிருவாவுக்குப் பக்கத்தில் ஃபிட்டிரேயா என்ற இடத்தில் ஏறத்தாழ 500 ஏக்கரை ஆங்கிலிக்கன் ஆயரிடம் கொடுத்தார்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவதற்காக. 1850இல் அரசு அந்த நிலத்தை ஆயர் பெயருக்கு எழுதிக்கொடுத்தது, கொடுத்தவர்களைக் கேட்கவில்லை. பள்ளி வரவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்துவிட்டு, நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவரான வி பராத்தா கேட்டார்: பள்ளி கட்டவில்லை அல்லவா, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள். நீதிமன்றம் முடியாது என்றது. அரசு தந்த பத்திரத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே ஆண்டு, அதே அரசு. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் காரணம் காட்டி விலக்கு வாங்க வேண்டும். பள்ளி நிலத்துக்கு வராவிட்டால் யாரும் காரணம் காட்ட வேண்டாம். பிள்ளையின் வராமைக்குப் பதிவேடு உண்டு, பள்ளியின் வராமைக்குக் கிடையாது. கல்வி வரலாறும் நில வரலாறும் தனித்தனி என்று சொல்பவர்கள் ஃபிட்டிரேயாவை எந்த அலமாரியில் வைப்பார்கள்?

5

1894இல் பள்ளி வருகைச் சட்டம் வந்தது. மாவோரிப் பிள்ளைகளும் கட்டாயத்துக்குள் வந்தார்கள். பழைய மொத்த விலக்கு போயிற்று. சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்லலாமா? அதே 1894இல் சுதேசி நில நீதிமன்றச் சட்டம் மாவோரி நிலத்தை வாங்கும் ஏகபோகத்தை மீண்டும் அரசுக்கே கொடுத்தது. வெள்ளைக்காரன் தன் நிலத்தை அதிக விலை கொடுப்பவனிடம் விற்கலாம். மாவோரி அரசு சொன்ன விலைக்கு அரசிடம் விற்கலாம். பள்ளிக்கு வருவதில் எல்லோரும் சமம், சந்தைக்கு வருவதில் அல்ல.

1900ஆம் ஆண்டின் மாவோரி நில நிர்வாகச் சட்டம் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது போலிருந்தது. ஜேம்ஸ் கரோல் அப்போது சுதேசி விவகார அமைச்சர். அபிரானா ஙாத்தா போன்ற படித்த இளைஞர்கள் பின்னால் நின்றார்கள். வட தீவு மாவோரி நில மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நில மன்றம். அதில் மாவோரிகள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும் உண்டு. மாவட்டங்களுக்கு மாவோரிப் பெயர்களே வைத்தார்கள்: தோக்கேராவ், வைஅரிக்கி, தைராஃபிட்டி. பள்ளியில் பிள்ளையின் வாயிலிருந்து துடைக்கப்பட்ட மொழி அரசிதழில் மாவட்டத்தின் பெயராக அச்சாகிறது. வரைபடத்துக்கு அந்த மொழி வேண்டும், வாய்க்கு வேண்டாம்.

மன்றங்கள் மெதுவாக வேலை செய்தன, அதாவது நிலத்தை வேகமாக வெளியே விடவில்லை. குடியேறியவர்கள் கூச்சலிட்டார்கள். 1905இல் மன்றம் போய் வாரியம் வந்தது. மூன்று பேர், மூவரும் நியமனம், ஒருவர் மட்டும் மாவோரியாக இருக்க வேண்டும். தோக்கேராவ், தைராஃபிட்டி மாவட்டங்களில் ‘மாவோரிகளுக்குத் தேவையில்லை’ என்று தீர்மானிக்கப்படும் நிலத்தை, சொந்தக்காரர்களின் சம்மதமில்லாமலே வாரியத்திடம் ஒப்படைக்க வழி செய்தார்கள். 1913இல் வாரியம் என்பது மாவட்டத்தின் நில நீதிபதியும் பதிவாளரும் மட்டுமே என்றாயிற்று. மாவோரி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதும் போயிற்று. 13 ஆண்டுகளில், சொந்த நிலத்தைப் பற்றிப் பேசும் மேசையிலிருந்து சொந்தக்காரரை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பிள்ளை மட்டும் அந்த வருஷம் தவறாமல் பள்ளியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

6

இதையெல்லாம் சொன்னதும், ‘அப்படியானால் மாவோரிகள் பள்ளியையே வெறுத்தார்கள்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அது நமக்கு வசதியான முடிவு. உண்மை அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. பள்ளி கேட்டு மனுப்போட்ட கிராமங்கள் நிறைய. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள் என்று 1870களில் நாடாளுமன்றத்துக்கே மனு போயிருக்கிறது. ஏன் கேட்க மாட்டார்கள்? நில நீதிமன்றத்தில் கிழவர்கள் மாவோரியில் வம்சாவளி சொன்னார்கள். குறிப்பேட்டில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஏறியது. தான் சொன்னது என்னவாக எழுதப்படுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது அடிமைப் புத்தி அல்ல. ஆங்கிலத்தைக் கேட்டார்கள், தங்கள் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. மாவோரி மொழி பற்றிய கோரிக்கை 1985இல் வைட்டாங்கி நடுவத்தின் முன் வந்தபோது சர் ஜேம்ஸ் ஹெனாரே தன் பள்ளி நாள்களைச் சொன்னார். மாவோரி பேசியதற்குத் தன்னை அடிக்கத் தேவையான கொடியைத் தானே காட்டுக்குள் போய் வெட்டி வரும்படி அனுப்பப்பட்ட கதை அது. அன்றைய பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘வந்தார்’ என்றுதான் இருந்திருக்கும்.

சுதேசிப் பள்ளிகள் 1947இல் மாவோரிப் பள்ளிகள் என்று பெயர் மாறி, 1969இல் தனிப் பள்ளிகளாக இல்லாமல் போயின. பள்ளிக்கென்று கொடுத்த நிலம் பல இடங்களில் கொடுத்தவர்களிடம் திரும்பி வரவில்லை. 1975இல் அமைந்த வைட்டாங்கி நடுவத்துக்கு 1840 வரை பின்னோக்கி விசாரிக்கும் அதிகாரம் 1985இல் கிடைத்தது. அப்போது கோரிக்கையாளர்கள் கையில் எடுத்து வந்த ஆதாரங்களில் முக்கியமானவை நில நீதிமன்றத்தின் அதே பழைய குறிப்பேடுகள். நிலத்தைப் பிடுங்கப் பயன்பட்ட ஏடு இப்போது வம்சாவளிக்கும் உரிமைக்கும் சாட்சி சொல்கிறது.

ஆனால் அந்த ஏடுகளிலும் வந்தவர்களின் குரல்தான் இருக்கிறது. புறக்கணித்தவர்கள், கடனுக்குப் பயந்து போகாதவர்கள், பத்துப் பெயரில் சேராதவர்கள் ஆகியோரின் இடம் அங்கேயும் காலிதான். வராதவர் பட்டியல் என்று ஒன்றை எந்த அரசும் தானாக எழுதி வைப்பதில்லை. வந்தவர் பட்டியலின் இடைவெளிகளிலிருந்து அதை நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது.