வெந்நீர் ஊற்றும் கடன் ஃபைலும்

போன டிசம்பரில் புனேயிலிருந்து வஜ்ரேஸ்வரி போயிருந்தோம். தான்சா ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்றுகள். காலை நனைத்துக்கொண்டே தங்கமணி கேட்டார்: "இத்தனை சூடும் வீணாப் போகுதே, இதுல கரண்ட் எடுக்க முடியாதா?" பி.காம். படித்துவிட்டு கடன் ஃபைல் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் மனசு விடவில்லை, தேடிப் படித்தேன்.

எடுக்கலாம். 1904லேயே இத்தாலியின் லார்தெரெல்லோவில் பூமிக்கடியிலிருந்து வந்த நீராவியில் ஐந்து பல்பு எரிந்திருக்கிறது. நம் ஊற்றுகளில் வருவது வெறும் சுடுதண்ணீர். அதற்குத்தான் 'பைனரி' முறை. குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் வேறொரு திரவத்தைச் சுடுநீரால் ஆவியாக்கி, அந்த ஆவியில் டர்பைனைச் சுற்றி, குளிரவைத்து மறுபடி அனுப்புவார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜைத் தலைகீழாக ஓட்டுகிற மாதிரி. 1967ல் சோவியத் கம்சாத்காவில், 81 டிகிரி செல்சியஸ் நீரை வைத்து 680 கிலோவாட் நிலையம் கட்டினார்கள்.

2006ல் அலாஸ்காவின் சேனாவில் 74 டிகிரி நீரே போதுமானதாக இருந்தது. சூட்டில் மின்சாரமானது சுமார் 8 சதவீதம்தான். நூறு ரூபாய் போட்டு எட்டு ரூபாய் எடுப்பது! ஆனாலும் லாபம். சூடு இலவசம், வெளியே கடுங்குளிர் (சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த வியாபாரத்தின் முதல்), போட்டிக்கு நின்றதோ டீசல். யூனிட் 30 சென்ட்டிலிருந்து 5 சென்ட்டுக்கு இறங்கியதாகக் கணக்கு. கொங்கண் புழுக்கத்தில் அது நடக்காது.

நம் நாட்டில் சேனா மாதிரி இடம் லடாக்கின் புகா. 4,400 மீட்டர் உயரம். 1973ல் தொடங்கி இந்திய புவியியல் ஆய்வுத் துறை அங்கே முப்பதுக்கும் மேல் துளை போட்டது. எல்லாமே 400 மீட்டருக்குள். இமாசலத்து மணிகரணில் 5 கிலோவாட் பைனரி எந்திரம் ஓட்டியும் பார்த்தார்கள். நம்ம புனே தெர்மாக்ஸ்கூட ஐஸ்லாந்து கம்பெனி ஒன்றோடு சேர்ந்து புகாவில் 3 மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டது. அதற்குப் பிறகு 2021ல் ஓ.என்.ஜி.சி. வந்து 1 மெகாவாட் என்றது. 2022ல் துளையிடும்போது சூடான நீர் பீறிட்டு ஓடையில் கலந்தது.

ஏன் இத்தனை வருஷம்? கிணற்றுக் கடன் பார்த்தவர்களுக்குப் புரியும். போர் போட்டால் தண்ணீர் வருமா என்பது போட்ட பிறகுதான் தெரியும். வராவிட்டால் துளையை ஜப்தி செய்ய முடியுமா? செலவின் பெரும்பகுதி, ஒரு யூனிட்கூட விற்பதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விடுகிறது. அந்த ரிஸ்க்கை எந்த வங்கியும் ஏற்காது; நானும் கையெழுத்துப் போடமாட்டேன். அரசாங்கம்தான் போடவேண்டும். புகா விஷயத்தில் காலமும் போனது. 2019ல் ஸ்ரீநகர்–லே மின்பாதை வந்ததும், டீசலோடு ஒப்பிட்டுக் காட்டிய லாபத்தில் பாதி பலம் போச்சு.

தெலங்கானாவின் மணுகூருவில் மட்டும் சிங்கரேணி நிலக்கரிக் கம்பெனி, சென்னை ஸ்ரீராம் இ.பி.சி.யோடு சேர்ந்து 20 கிலோவாட் பைனரி நிலையம் ஒன்றை அமைத்தது. அங்கே சுடுநீர் வந்த துளை, முன்பே நிலக்கரி தேடிப் போட்டது. துளைச் செலவு நிலக்கரிக் கணக்கில்!

தங்கமணியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ குளிக்கத்தான் லாயக்குன்னு சொல்லுங்க" என்றார்.