மொஸாதெக்கின் தெரு

தெஹ்ரானை வடக்குத் தெற்காக ஊடறுத்து நீண்ட தெரு ஒன்று ஓடுகிறது. தெற்கே ரயில் நிலையத்தடியில் தொடங்கி, இரு கரையும் மரங்களோடு, வடக்கே மலையடிவாரத்துத் தஜ்ரீஷ் வரை போகும். கிட்டத்தட்ட 18 கிலோமீற்றர். ஷாவின் காலத்தில் அதற்குப் பெயர் பஹ்லவி தெரு. 1979இல் புரட்சி வென்ற கையோடு அது மொஸாதெக் தெரு ஆனது. அந்தப் பெயர் கனகாலம் நிலைக்கவில்லை. பிறகு வலீ அஸ்ர் தெரு என்று மாற்றினார்கள். இன்றைக்கும் அதுதான் பெயர்.

2025 ஜூனில் ஈரான் மீது இஸ்ரேல் குண்டு போட்ட அந்த 12 நாளும் எங்கள் நண்பர்களுக்குள் நடந்த சண்டையில்தான் இந்தத் தெரு எங்களுக்கு ஞாபகம் வந்தது. ஒரு பக்கம், அமெரிக்காவை எதிர்த்து நிற்கும் ஒரே நாடு ஈரான்தான், அதைப்பற்றி ஒரு குறையும் சொல்லக்கூடாது என்றார்கள். மற்றப் பக்கம், பெண்களை அடிக்கிற முல்லாக்களின் ஆட்சி விழுந்தால் நல்லதுதானே, யார் விழுத்தினால் என்ன என்றார்கள். ரெண்டு பேரும் சத்தமாகத்தான் கதைத்தார்கள். ரெண்டு பேருடைய கதையிலும் மொஸாதெக் என்ற மனிசனுக்கு இடம் இருக்கவில்லை. அதுதான் இதை எழுதக் காரணம்.

கதை எண்ணெயில் தொடங்குகிறது. 1901இல் வில்லியம் நொக்ஸ் டார்ஸி என்ற செல்வந்தருக்கு ஈரானின் கஜார் மன்னர் ஓர் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். நாட்டின் பெரும்பகுதியில் 60 வருடத்துக்கு எண்ணெய் தேடலாம், எடுக்கலாம், விற்கலாம். ஈரானுக்குத் தேறிய இலாபத்தில் 16 வீதம். 1908இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1914இல் பிரித்தானிய அரசே கம்பனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அவர்களுடைய கடற்படை அப்போதுதான் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. அதே கம்பனிதான் இன்றைய பிபி.

அபாதானில் அவர்கள் கட்டிய சுத்திகரிப்பு நிலையம் ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது. வெள்ளை அதிகாரிகளுக்குப் புல்வெளி, நீச்சல் தடாகம், கிளப். ஈரானியத் தொழிலாளிகள் பலருக்கு மின்சாரமும் ஒழுங்கான குழாய்த் தண்ணீரும் இல்லாத குடிசைகள். அந்தக் குடியிருப்பு ஒன்றுக்குச் சனம் வைத்த பெயர் காகஸாபாத், காகிதநகர். தோட்டத்து லயன்களையும் துரையின் பங்களாவையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1940களின் கடைசியில் கம்பனி ஈரானுக்குக் கொடுத்த பங்கைவிட லண்டனுக்குக் கட்டிய வரி அதிகம். கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று ஈரான் கேட்டது, காட்டவில்லை. பக்கத்தில் சவூதிக்கு அமெரிக்கக் கம்பனிகள் பாதிக்குப் பாதி தர 1950 டிசம்பரில் ஒத்துக்கொண்ட பிறகுகூட பிரித்தானியர் உரிய நேரத்தில் இறங்கி வரவில்லை. கொஞ்சம் இறங்கியிருந்தால் வரலாறு வேறு மாதிரிப் போயிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1951 மார்ச்சில் பாராளுமன்றம் எண்ணெயைத் தேசியமயமாக்கியது. ஏப்ரல் கடைசியில் அந்தக் கோரிக்கையின் தலைவர் முஹம்மத் மொஸாதெக் பிரதமரானார். கஜார் அரச குடும்பத்தோடு உறவுள்ள பெரிய இடத்து ஆள். சுவிற்சர்லாந்தில் சட்டம் படித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். 1925இல் ரிஸா கான் தன்னை ஷாவாக்கிக்கொள்ளப் பார்த்தபோது பாராளுமன்றத்தில் எழுந்து எதிர்த்துப் பேசிய விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் ஒருவர். பிரதமரான பிறகு கட்டிலில் பைஜாமாவோடு படுத்தபடியே தூதுவர்களைச் சந்திப்பார். பேசும்போது அழுவார், மயங்கியும் விழுவார். மேற்குப் பத்திரிகைகள் அதை வைத்தே கேலி செய்தன. ஆனால் மனிசன் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு நேரே போய் வாதாடினார். ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் பிரித்தானியா போட்ட வழக்கை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று 1952 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிரித்தானிய நீதிபதியே ஈரான் பக்கம் வாக்களித்தார்.

பிரித்தானியா எண்ணெயை விற்கவும் விடவில்லை. ஈரான் எண்ணெயை ஏற்றிய ரோஸ் மேரி என்ற கப்பலை ஏடனுக்குத் திருப்பிப் பிடித்து வைத்தார்கள். பொருளாதாரத் தடை என்பது ட்ரம்ப் கண்டுபிடித்த சாமான் இல்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சின்ன ஒட்டு உண்டு. சிறிமாவோ அரசாங்கம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளை எடுத்தபோது, இழப்பீட்டுப் பிரச்சினையைச் சொல்லி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. எங்களிடம் எண்ணெய்க் கிணறு இல்லை, பெற்றோல் ஷெட்டும் தாங்கியும்தான் இருந்தன. அதற்கே அந்தப் பாடு.

ஈரானில் நடந்தது அதைவிடப் பயங்கரம். ட்ரூமன் காலத்தில் சதிக்கு ஒத்துக்கொள்ளாத வாஷிங்டன், 1953 ஜனவரியில் ஐசன்ஹோவர் வந்ததும் மனம் மாறியது. லண்டன் எண்ணெய்க் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கம்யூனிஸ்டுகள் ஈரானைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற கதையை எடுத்துக்கொண்டு போனது. அந்தச் சாமான் அங்கே நன்றாக விலைபோனது. சி.ஐ.ஏ. அனுப்பிய ஆள் கெர்மிட் ரூஸ்வெல்ட், பழைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன். பத்திரிகைக்காரருக்கும் எம்.பி.மாருக்கும் தெருச் சண்டியருக்கும் காசு போனது. கம்யூனிஸ்டுகள் மாதிரி நடித்துக் கடைகளை உடைக்கவும் கூட்டம் பிடித்தார்கள். ஆகஸ்ட் 15 இரவு நடந்த முதல் முயற்சி பிழைத்தது. ஷா பக்தாத்துக்கும் அங்கிருந்து ரோமுக்கும் ஓடினார். நாலு நாளில், ஆகஸ்ட் 19ஆம் திகதி, இரண்டாவது முயற்சி வென்றது. ஈரானியரைக் கேட்டால் மொர்தாத் 28 என்பார்கள். அவர்களுக்குத் திகதியே போதும். ஷா திரும்பி வந்தார். அடுத்த வருடம் எண்ணெய் ஒரு கூட்டுக் கம்பனிக்குப் போனது: பிரித்தானியருக்கு 40 வீதம், அமெரிக்கருக்கு 40 வீதம், மிச்சம் ஷெல்லுக்கும் பிரெஞ்சுக் கம்பனிக்கும். 1957இல் சாவாக் என்ற இரகசியப் பொலிஸ் உருவானது.

மொஸாதெக்கைப் புனிதராக்க நாங்கள் வரவில்லை. கடைசி மாதங்களில் அவசர அதிகாரங்களைக் கையில் வைத்துக்கொண்டார். பாராளுமன்றத்தைக் கலைக்க நடத்திய வாக்கெடுப்பில் ஆம் என்பதற்கு வேறு பெட்டி, இல்லை என்பதற்கு வேறு பெட்டி. முடிவு எப்படி வந்திருக்கும் என்று சொல்லவும் வேணுமா? பெண்களுக்கு வாக்குரிமையும் அவர் காலத்தில் வரவில்லை, 1963இல்தான் வந்தது.

ஆனால் எங்கள் நண்பர்கள் இருசாராரும் தவறவிடும் இடம் இனித்தான் வருகிறது. அவரைக் கைவிட்டவர்களில் மதத் தலைவர்களும் இருந்தார்கள். தேசியமயமாக்கலுக்காகத் தெருவுக்குச் சனத்தைக் கொண்டுவந்த ஆயத்துல்லா காஷானி, சபாநாயகர் கதிரையில் இருந்தபடியே, 1953 தொடக்கத்தில் அவரோடு பகிரங்கமாக முறித்துக்கொண்டார். கவிழ்ப்புக்குப் பிறகு புதிய ஆட்சியை வரவேற்றார். இதை இன்றைய தெஹ்ரான் அரசு அவ்வளவாகக் கதைப்பதில்லை.

1979க்கு வருவோம். ஒக்டோபர் 22ஆம் திகதி ஷாவை மருத்துவத்துக்காக அமெரிக்கா உள்ளே எடுத்தது. ஓடிப்போன ஷா, அமெரிக்கா, தெஹ்ரானில் தூதரகம். ஈரானியருக்கு இந்தப் படம் ஏற்கெனவே பார்த்த படம். நவம்பர் 4ஆம் திகதி மாணவர்கள் தூதரகத்தைப் பிடித்தார்கள். 52 பேர் 444 நாள் பிணையாக இருந்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இது காரணமில்லாத வெறி. கதை அன்றைக்குத்தான் தொடங்கியது. ஈரானில் அது 26 வருடப் பழைய கணக்கு. பிணை பிடித்ததை நாங்கள் நியாயம் என்று சொல்லவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறோம்.

அந்தச் செயல் முதலில் யாரை விழுத்தியது தெரியுமா? பிரதமர் மெஹ்தி பஸர்கானை. ரெண்டு நாளில் பதவி விலகினார். 1951இல் அபாதானைப் பிரித்தானியரிடமிருந்து பொறுப்பெடுக்க மொஸாதெக் அனுப்பிய குழுவின் தலைவர் இதே பஸர்கான்தான். மொஸாதெக்குக்கு நடந்த அநியாயத்தின் பெயரால் மொஸாதெக்கின் ஆளே வெளியே போனார். அதே வருடம் மார்ச்சில் கட்டாய ஹிஜாபை எதிர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கியிருந்தார்கள். ஷாவுக்கு எதிராக இறங்கிய அதே பெண்கள்தான் அவர்களில் பலர். 1981 ஜூனில் மொஸாதெக்கின் கட்சியான தேசிய முன்னணியை மதத்தைவிட்டு வெளியேறியவர்கள் என்று கொமெய்னி அறிவித்தார்.

ஆகவே 1953 இந்த அரசின் சொந்தச் சொத்து இல்லை. 2022 செப்டெம்பரில் மஹ்ஸா அமீனி பொலிஸ் காவலில் இருந்து இறந்த பிறகு தெருவுக்கு வந்த பிள்ளைகளை வெளிநாட்டுக் கையாட்கள் என்று அரசு சொன்னபோது, அது செலவழித்தது மொஸாதெக்கின் கணக்கிலிருந்த காசைத்தான். சி.ஐ.ஏ. உண்மையாகவே ஒருக்கால் ஆட்சியைக் கவிழ்த்தது. அதனால் பிறகு ஒவ்வொரு கூட்டத்தையும் சி.ஐ.ஏ.யின் கூட்டம் என்று சொல்ல முடிகிறது. மற்றப் பக்கம், குண்டு போட்டு விடுதலை கொடுக்கலாம் என்று நம்பும் நண்பர்களுக்கும் அதே வருடத்தைத்தான் காட்டவேண்டியிருக்கிறது. அன்றைக்கு விழுந்தது சர்வாதிகாரி இல்லை. எழுந்ததுதான் சர்வாதிகாரம்.

மொஸாதெக் மூன்று வருடம் சிறையில் இருந்தார். பிறகு தெஹ்ரானுக்கு மேற்கே அஹ்மதாபாத் கிராமத்தில் தன் வீட்டிலேயே காவலில். 1967 மார்ச் 5ஆம் திகதி இறந்தார். 1952 ஜூலையில் தன்னைத் திரும்பப் பதவிக்குக் கொண்டுவரத் தெருவில் இறங்கிச் செத்தவர்களுக்குப் பக்கத்தில் புதைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். ஷா விடவில்லை. வீட்டுச் சாப்பாட்டு அறையின் நிலத்தைத் தோண்டிப் புதைத்தார்கள். 1979 மார்ச் 5ஆம் திகதி, புரட்சி வென்று ஒரு மாதம்கூட ஆகாதபோது, அந்தச் சின்னக் கிராமத்துக்குப் பெருங்கூட்டம் போனது. அதற்குப் பிறகும் அவரை இடம் மாற்றவில்லை. இன்னும் அந்தச் சாப்பாட்டு அறையில்தான் இருக்கிறார்.