தீவகத்தின் ரியூப் லைற்றுகள்

தீவகத்தின் வரலாற்றை எழுதுவோர் ஒல்லாந்தர் கோட்டைகளையும் நயினாதீவின் ஆலயத்தையும் விகாரையையும் நெடுந்தீவின் குதிரைகளையும் பற்றி நிறையவே எழுதியிருக்கின்றனர். இரவில் அம்மக்கள் எந்த வெளிச்சத்தில் வாழ்ந்தார்கள் என்பது பற்றி எழுதியோர் குறைவு. அதற்கு இப்பொழுது ஒரு காரணம் வாய்த்திருக்கிறது. 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரியூப் லைற், உலகச் சந்தையிலிருந்து விடைபெறுகிறது. அதனுள் இருக்கும் பாதரசம் காரணமாக, மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2027 முடிவுக்குள் அதன் உற்பத்தியையும் இறக்குமதி ஏற்றுமதியையும் நிறுத்துவதென 2023இல் தீர்மானித்தன.

மின்சாரத்தைப் பொறுத்தவரை தீவகம் இரண்டு. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகியன பாலங்களாலும் தாம்போதிகளாலும் குடாநாட்டோடு இணைந்தவை; மின்கம்பிகளும் அவ்வழியே சென்றன. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியன கடல் நடுவே நிற்பவை. அங்கே நெடுங்காலம் மின்சாரம் என்றால் டீசலில் ஓடும் மின்பிறப்பாக்கியாகவே இருந்தது. அந்த டீசலும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. காற்றடித்துக் கடல் கொந்தளித்தால் மனிதரைப் போலவே எரிபொருளும் இறங்குதுறையில் காத்திருக்கும்.

இந்த வேறுபாட்டை மறைக்கத் தெரியாத விளக்கு ரியூப் லைற். பழைய குமிழ் மின்னழுத்தம் குறைந்தால் மங்கலாகவேனும் எரியும். ரியூப் லைற் அப்படியன்று. குழாயினுள் சிறிதளவு ஆகன் வாயுவும் பாதரச ஆவியும் உள்ளன. ஆளியை அழுத்தியதும் ஸ்ராற்றருக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து இணைப்பை மூடும். குழாயின் இரு முனை இழைகளும் சிவக்கும். தகடு ஆறிப் பிரியும் கணத்தில் சோக் பல நூறு வோல்ற் கொண்ட ஓர் உதையைக் கொடுக்கும். அந்த உதையில்தான் குழாய்க்குள் மின்பாய்ச்சல் தொடங்கும். பாதரசம் உமிழும் புறஊதாக் கதிரைக் கண்ணாடியின் உட்பூச்சு வெள்ளொளியாக மாற்றும். எரியத் தொடங்கிய பின் ஸ்ராற்றருக்கு வேலையில்லை. கழற்றிவிட்டாலும் விளக்கு அணையாது. மின்னோட்டம் கட்டுமீறாமல் காப்பது சோக்கின் பொறுப்பு.

ஆகவே குழப்பம் வந்தால் ஆராய்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முனைகள் மட்டும் இடைவிடாது சிவந்து நடுப்பகுதி இருண்டிருந்தால் ஸ்ராற்றர் ஒட்டிக்கொண்டுவிட்டது. முனைகள் கறுத்து, மின்னி மின்னி அணைந்தால் குழாயின் ஆயுள் முடிகிறது. அசைவே இல்லையெனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குழாயைச் சற்றுத் திருப்பிப் பொருத்த வேண்டும். உப்புக்காற்று வீசும் கரையோர வீடுகளில் ஹோல்டரின் தகடுகள் களிம்பேறுவது இயல்பு. ஸ்ராற்றரும் குழாயும் புதியனவாயிருந்தும், மாலையில் விட்டுவிட்டு மின்னும் விளக்கு இரவு ஊரடங்கிய பின் நன்றாக எரியுமானால், பிழை விளக்கில் இல்லை. கம்பியின் கடைசி வீடு வரை போதிய மின்னழுத்தம் வந்து சேரவில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் இந்த ஆராய்ச்சிகளுக்கே இடமில்லாது போயிற்று. மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. 1990-91இல் தீவகத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்து குடாநாட்டுக்கு வந்தனர். கலைப்பீட மாணவனாயிருந்த நான் அக்காலத்தில் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் சிறிதளவு மண்ணெண்ணெய், கம்பியில் நிறுத்திய திரி. ஒரு பக்கத்தைப் படிக்க அந்தச் சுடர் போதும். அடுத்தவர் முகம் தெரியாது. கூரையில் ரியூப் லைற்றுகள் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் அவை எரிந்து கண்டதில்லை.

போர் முடிந்தபின் கடல் நடுத் தீவுகளின் வெளிச்சம் வேறொரு சிக்கலுக்குள் அகப்பட்டது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைக்கும் கலப்பு மின் திட்டத்தை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்க 2021 சனவரியில் அமைச்சரவை அங்கீகாரமளித்தது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை; 2024 மார்ச் 1இல் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம். இந்திய நன்கொடை 1 கோடி 10 இலட்சம் டொலர். திட்டமிட்ட அளவு சூரிய ஒளியில் 1,700 கிலோவாற், காற்றில் 530 கிலோவாற். முதல் அங்கீகாரத்துக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையே மூன்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன.

பத்திரிகைகள் இச்செய்தியைப் பெரும்பாலும் வல்லரசுகளின் போட்டியாகவே எழுதின. எங்கள் தொழிலின் வழக்கம் அது. மாலையில் புத்தகத்தை விரிக்கும் நெடுந்தீவுப் பிள்ளைக்கு வேண்டியது கொடியன்று, தளராத மின்னழுத்தம். ரியூப் லைற்றின் இடத்துக்கு வந்திருக்கும் எல்.ஈ.டி. விளக்குகள் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் பெரும்பாலும் மின்னாமல் எரிகின்றன. அது நல்லதே. ஆனால் விளக்கு மின்னவில்லை என்பதற்காகக் கம்பியின் மறுமுனையில் எல்லாம் சரி என்று நாம் எண்ணிவிடலாகாது.