கையை எடு, பவளம் பிழைக்கும்

மீன் தொட்டி வைத்திருக்கிறவங்களை உத்துப் பாருங்க. தொட்டி ஒழுங்கா இருக்கும்போதுதான் உள்ளே கையை விடுவாங்க. கல்லைக் கொஞ்சம் நகர்த்துறது, மணலைக் கிளறுறது, தண்ணியில எதையாவது ரெண்டு சொட்டு ஊத்துறது. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், ஒழுங்கா ஓடிக்கிட்டிருக்கிற ப்ரொடக்‌ஷன் சர்வரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கை வைக்கிற வேலை. தங்கமீன் தொட்டி இதையெல்லாம் ஓரளவு தாங்கும். கடல் தண்ணி ஊற்றிப் பவளம் வளர்க்கிற ரீஃப் தொட்டி தாங்காது.

மனுஷன் வீட்டுக்குள் பவளம் வளர்க்க ஆரம்பிச்சு 175 வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வரலாற்றை ஒரே வரியில் சொல்லலாம்: தொட்டிக்குள் இருந்த கையை மெல்ல மெல்ல வெளியே எடுத்த கதை. ஆனா வெளியே எடுத்த கை எங்கே போச்சுங்கிறதுல நம்ம தமிழ்நாட்டுக் கடலும் வருது. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் 1846. ஆனா தின் என்ற இங்கிலாந்துப் பெண்மணி, டார்க்கே கடற்கரையில் கிடைச்ச சின்னப் பவள உயிர்களை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். தண்ணி எல்லாப் பக்கமும் படணும்னு ஊசி நூலால் அவற்றை ஒரு பெரிய ஸ்பாஞ்சில் தைச்சு வெச்சார். கடலிலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் புதுத் தண்ணி வரவழைச்சார். அது கட்டுப்படியாகாதபோது இருக்கிற தண்ணியையே திறந்த ஜன்னல் பக்கத்தில் வெச்சு, நம்ம ஊர் டீ மாஸ்டர் ஆத்துற மாதிரி, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாத்தி மாத்தி ஊற்றினாங்க. தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். அந்த வேலை வீட்டுப் பணிப்பெண் தலையில் விழுந்ததுன்னு தனியா சொல்லணுமா? :-) அடுத்த வருஷம் கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் மூணு வருஷம் போல உயிரோடு இருந்தன.

1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர் இன்னும் ஒரு படி போனார். ஒரு தொட்டி, ரெண்டு தங்கமீன், ஒரு நீர்ச்செடி. செடி அழுக ஆரம்பிச்சதும் நத்தைகளை விட்டார். நத்தை அழுகலைத் தின்னது, செடி ஆக்ஸிஜன் கொடுத்தது, மீன் பிழைச்சது. தண்ணியை அடிக்கடி மாத்த வேண்டியதில்லை. பணிப்பெண்ணின் வேலையை நத்தையும் செடியும் எடுத்துக்கிட்டன. ரெண்டு வருஷத்தில் கடல்நீரிலும் இதையே முயற்சி செய்தார்.

அடுத்து வந்தவர் பிலிப் ஹென்றி காஸ். 1854-ல் இவர் எழுதிய 'தி அக்வேரியம்' புத்தகம்தான் அந்தப் பெயரையே பிரபலமாக்கிச்சு. இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பங்கள் எல்லாம் கடல் தொட்டி வைக்க ஆரம்பிச்சாங்க. தொட்டிக்குள் கை வைக்காமல் இருக்கலாம்னு ஆனதும் தொட்டிகளின் எண்ணிக்கை கூடிச்சு. தொட்டி கூடினால் உள்ளே போட உயிர்கள் வேணுமே? கூட்டம் கூட்டமா கடற்கரைக்குப் போய்ப் பாறைக்குழிகளைச் சுரண்டி எடுத்தாங்க. காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய நினைவுக் குறிப்பில், சின்ன வயசில் அப்பாவோடு பார்த்த பாறைக்குழிகள் சேகரிப்பாளர்களால் பாழாகிப்போனதை எழுதியிருக்கார். அதைத் தொடங்கிவெச்சதில் தன் அப்பாவுக்கும் பங்கு இருக்குன்னு அந்த மகனுக்குத் தெரிஞ்சிருந்தது.

இந்த மோகம் மெட்ராஸுக்கும் வந்துச்சு. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் திட்டப்படி 1909-ல் மெரினாவில் ஒரு கடல் மீன் காட்சியகம் திறந்தாங்க. இந்தியாவிலேயே முதல் அக்வேரியம் அதுதான். 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' எழுதிய அதே தர்ஸ்டன்தான். அந்த ஏழு தொகுதிகள் வெளிவந்ததும் அதே 1909-ல். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கடல் உயிர்களைப் பற்றி அதற்கு முன்பே அவர் எழுதியிருந்தார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் காட்சியகத்தை மூடிட்டாங்க.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வீட்டுக் கடல்தொட்டிகள் எப்படி இருந்தன? செத்த பவள எலும்புக்கூட்டை ப்ளீச் பண்ணி, வெள்ளை வெளேர்னு அலங்காரத்துக்கு வைப்பாங்க. பாசி படிஞ்சா எடுத்துத் திரும்ப ப்ளீச். உயிருள்ள பவளம் இந்தச் சுத்தத்தில் எங்கே பிழைக்கும்?

இதை மாத்திப்போட்டது ஒரு ஆசியக்காரர். ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். 1961-ல் ஒரு அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். கடல் தண்ணி, கடலிலிருந்து அப்படியே எடுத்த உயிருள்ள கற்கள், வெயில், கொஞ்சம் காற்றுக்குமிழி. அவ்வளவுதான். வடிகட்டியும் இல்லை, ப்ளீச்சும் இல்லை.

அந்தக் கல்லில் என்ன விசேஷம்னா, அது ஒரு சின்ன ஊர். கல்லின் மேற்பரப்பில் இருக்கிற பாக்டீரியா, மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும். ஆக்ஸிஜன் எட்டாத உள் துளைகளில் இருக்கிற வேறு பாக்டீரியா, அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பும். பவளத்தின் சதைக்குள்ளும் நுண்பாசி குடியிருக்கு. வெளிச்சத்தில் அது சமைப்பதில் பெரும்பங்கு பவளத்துக்குத்தான். சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் உள்ளேயே இருக்காங்க. நாம உள்ளே போய் என்ன பண்ணப்போறோம்?

எங்க காடாம்புலியூர் பக்கம் வளர்ந்தவனுக்கு இது சட்டுனு புரியும். முந்திரிக்காட்டுக்கு யாரும் தினமும் தண்ணி ஊத்துறதில்லை. செம்மண்ணும் மழையும் பார்த்துக்கும். கத்திரிக்காய்த் தோட்டத்தைப் பார்த்துக்கிற மாதிரி முந்திரியைப் பார்த்துக்கிட்டா ஊரே கேலி பண்ணும்.

மேற்கு நாடுகளில் லீயின் முறை உடனே எடுபடலை. கற்கள் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போயிடும். 70-80-களில் ஜெர்மனியின் பெர்லின் நகர ஆர்வலர்கள் அதே உயிருள்ள கல்லோடு, பலமான விளக்கையும் கழிவை நுரையாக்கித் தள்ளும் ஸ்கிம்மரையும் சேர்த்தாங்க. பவளங்கள் வளர்ந்து கிளை விட்டன. பெர்லின்காரர் டீட்ரிக் ஸ்டூபர் வளர்த்த ஒரு அக்ரோபோரா பவளத்தின் துண்டுகள் கை மாறிக் கை மாறிப் பல நாடுகளுக்குப் போயின. பக்கத்து வீட்டிலிருந்து முருங்கைக் கொம்பு வாங்கி நடுற மாதிரி, கடலைத் தொடாமலே பவளம் கிடைக்க ஒரு வழி பிறந்தது.

இன்று இந்தத் துறையில் ஊறினவங்க சொல்ற பாடமும் இதுதான். ரீஃப் தொட்டியில் நல்லது மெதுவாத்தான் நடக்கும், வேகமா நடக்கிறது பெரும்பாலும் கெடுதல். வெப்பம், உப்பு, சுண்ணாம்புச் சத்து மூணும் நிலையா இருக்கணும். சரியான எண்ணைத் தேடி தினமும் மாத்துறதைவிட, சுமாரான எண்ணில் நிலையா நிற்கிறது பவளத்துக்கு நல்லது. ஆவியான தண்ணிக்குப் பதிலா நல்ல தண்ணி ஊற்று, அளந்து பார், எழுதி வை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அப்புறம் ரெண்டு வாரம் சும்மா இரு. சொல்றது சுலபம். சும்மா இருக்கிறதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

சரி, நம்ம கடலுக்கு வருவோம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், சுத்திலும் பவளத் திட்டுகள். 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம்னு அறிவிச்சாங்க. ஆனாலும் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டுமானத்துக்கும் ஏற்றிக்கிட்டுப் போறது பல காலம் நடந்துச்சு. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ரெண்டு தீவும் இன்று கடலுக்கு மேல் இல்லை. அலையைத் தடுத்த பவளச் சுவரைப் பேர்த்தெடுத்தால் பின்னால் இருக்கிற மணல் எத்தனை நாள் நிற்கும்? 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெட்டு ஓய்ந்தது.

2001-ல் பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தாங்க. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடலிலிருந்து எடுக்கிறதும் விற்கிறதும் குற்றம். யாராவது 'லைவ் ராக், மண்டபம் ஐட்டம்'னு ரகசியமா காட்டினால், அது எந்தச் சுவரிலிருந்து பேர்த்த செங்கல்னு யோசிங்க.

கடலிலும் நல்லது செய்யும் கை உண்டு. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் சிதைஞ்ச இடங்களில் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிறாங்க. ஆனா 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது, எந்தக் கையாலும் தண்ணியைக் குளிர வைக்க முடியலை. தொட்டியில் ஹீட்டரை அணைக்கலாம். கடலுக்கு ஸ்விட்ச் கிடையாது.

அப்போ வீட்டில் கடல் தொட்டி வைக்கவே கூடாதா? வைக்கலாம். நான் வெச்சிருக்கிறது செயற்கைக் கல், கலக்கின உப்புத் தண்ணி, பண்ணையில் பொரிச்ச ஒரு ஜோடி கோமாளி மீன். எங்க ஊரிலிருந்து அதிக தூரமில்லாத பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீன் குஞ்சு பொரிக்க வெச்சிருக்காங்க. செயற்கைக் கல்லில் பாக்டீரியா குடியேறி ஊராக மாறச் சில மாதம் பிடிக்கும். காத்திருக்கணும், அவ்வளவுதான்.

தெற்குச் சீமை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் பழைய வீடுகளில் பவளக்கல் வெச்ச சுவர்கள் இன்னும் இருக்கு. பூச்சு உதிர்ந்த இடத்தில் பவளத்தின் நட்சத்திரக் குழிகள் தெரியும். உங்க வீட்டுச் சுவரில் இருந்தால் படம் எடுத்துப் போடுங்க. எந்த வருஷம் கட்டினதுன்னு பெரியவங்களைக் கேட்டு அதையும் எழுதுங்க. எந்தக் காலத்தில் எவ்வளவு கடலை வீட்டுக்குள் கொண்டுவந்தோம்னு நமக்குக் கொஞ்சமாவது தெரியட்டும்.