ஹைப்போவும் தங்கமீனும்: ஒரு தங்கவயல் தண்ணிக் கதை

அமெரிக்காவில் பிள்ளைங்க இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் நாய் வாங்கிக் கொடு என்பதில் தொடங்கும் பேச்சுவார்த்தை பெரும்பாலும் ஒரு தங்கமீனில்தான் சமாதானமாக முடியும். மீன் வாங்கிய இரண்டாவது வாரம், தொட்டி கலங்கியிருக்கே என்று அம்மா குழாயைத் திறந்து புதுத்தண்ணி ஊற்றுவார். அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும். "நாம குடிக்கிற தண்ணிதானே, மீனுக்கு மட்டும் என்ன?" என்று போன மாதம் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல என் சொந்த ஊர் வரைக்கும் போக வேண்டியிருக்கு.

நான் பிறந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் பக்கம். கர்நாடகத்தில் இருந்தாலும் லைன் வீடுகளில் கேட்டதெல்லாம் தமிழ்தான். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் நாங்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தில் இறங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. இதைப் பற்றி எல்லோரும் பெருமையாக எழுதுவார்கள். தண்ணி வந்த கதையை யாரும் எழுதுவதில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. விளக்கு இல்லாமல் ஒரு ஊர் இருந்துவிடும், தண்ணி இல்லாமல் இருக்குமா?

தங்கவயல் ஒரு வறண்ட மேடு. ஆயிரக்கணக்கான குடும்பங்களை நெருக்கி நெருக்கிக் குடிவைத்த லைன்களில் காலரா புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, பாலாற்றுத் தண்ணி வந்து சேரும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டார்கள். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் அதே பாலாறுதான் பிறகு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போகிறது. தாத்தா எந்த ஆற்றங்கரையை விட்டுப் பிழைக்க வந்தாரோ, அதே ஆற்றின் தண்ணியை மேட்டில் உட்கார்ந்து குடித்தார்!

குழாய்க்கு முன்னாடி இந்தியா முழுக்கக் கிணறுதான். 1890களில் ஆக்ராவில் இருந்த ஹான்கின் என்கிற விஞ்ஞானி, காலரா வந்தால் கிணற்றில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடச் சொன்னார். தண்ணி ரோஸ் கலராக மாறும். ஜனங்கள் அதைப் பார்த்துப் பயந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. குளோரின் அடுத்து வந்தது. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் டைபாய்டு பரவியபோது குழாய்த் தண்ணியில் குளோரின் மருந்தைத் தொடர்ந்து கலந்தார்கள். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணியில் ஜான் லீல் என்ற டாக்டர் கலந்தார். குடிதண்ணியில் அதைக் கலப்பது சரியா என்று கோர்ட்டில் விசாரணை நடந்தது. தீர்ப்பு அவர் பக்கம். இதற்கு ஏழே வருஷம் கழித்து, 1915 ஏப்ரலில், ஈப்ரே போர்க்களத்தில் அதே குளோரின் வாயுவைத்தான் ஜெர்மன்காரர்கள் மனுஷங்க மேல் திறந்துவிட்டார்கள்.

இதில் எங்க ஊர்க்காரனுக்கு மட்டும் தோன்றும் ஒரு விஷயம் இருக்கு. குளோரின் தண்ணிக்குள் வருவதற்கு முன்னாடியே தங்கத்துக்குள் வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிளாட்னர் என்ற ஜெர்மன்காரர், தாதுமண்ணில் குளோரின் வாயுவைச் செலுத்தித் தங்கத்தைக் கரைத்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1887இல் சயனைடு முறைக்குக் காப்புரிமை வாங்கியதும் அது மெல்ல ஓரங்கட்டப்பட்டது. தங்கவயலில் சயனைடு போட்டுத் தங்கம் எடுத்த மிச்சமண், 3 கோடி டன்னுக்கு மேல், இன்றைக்கும் மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். (இந்த சயனைடுக்கும் மீன் தொட்டிக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1960களிலிருந்து பிலிப்பைன்ஸ் பவளப்பாறைகளில் கலர் மீன்களை மயக்கிப் பிடிக்க இதைத்தான் பீய்ச்சினார்கள். காசு கொடுத்து அழகு பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.)

சரி, மீனுக்கு வருவோம். நாம தண்ணியைக் குடிக்கிறோம், மீன் தண்ணியில் மூச்சு விடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். நம் வயிற்றுக்குள் போகும் கொஞ்சூண்டு குளோரின் அங்கேயே செலவாகிவிடும். மீனுக்கோ செவுளின் மெல்லிய தோலை அது நேராகப் பொசுக்கும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்பது இந்தியத் தர அளவு. நமக்குக் காவலாக நிற்கும் அதே அளவு மீனுக்கு ஆபத்து.

எங்க லைன் பக்கம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மீன் வளர்த்த ஒரு மாமா இருந்தார். தண்ணி பிடித்துத் திறந்த வாளியில் ஒருநாள் வைப்பார். வெயில் பட்டால் இன்னும் நல்லது என்பார். அவசரம் என்றால் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிய ஹைப்போ கல் ஒன்றிரண்டு போடுவார். போட்டோ கழுவ உதவும் சோடியம் தயோசல்பேட்தான் அது. வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று 1819இலேயே ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்திருந்தார். இருபது வருஷம் கழித்துப் போட்டோ கலை அதைப் பிடித்துக்கொண்டது. குளோரினை நொடியில் அடக்கிவிடுவதால் மீன்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். மாமா வேதியியல் படித்தவரில்லை, பத்தாவதுகூட முடிக்கவில்லை. ஆனால் அவர் முறை சரிதான். இங்கே கடையில் குட்டி பாட்டிலில் டாலர் கணக்கில் விற்கும் மருந்துகள் பலவற்றிலும் இருப்பது அதே சரக்கு :-)

மீன் மனுஷனைக் காப்பாற்றின கதையும் எங்க பக்கம் உண்டு. 1990களில், தங்கவயலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் காமசமுத்திரம் வட்டாரத்துக் கிராமக் கிணறுகளில் மலேரியா கொசுப்புழுவைத் தின்ன கப்பி மீன்களையும் கம்பூசியா மீன்களையும் விட்டார்கள். அந்தக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினால் அந்த மீன் கதி என்ன? காலராவுக்கு மருந்து, மலேரியாவுக்கு மீன், இரண்டும் ஒரே கிணற்றில் ஒத்துப்போகாது. யோசித்துப் பார்த்தால் உங்கள் வீட்டுத் தொட்டியில் நடக்கும் சண்டையும் இதேதான்.

இப்போது வெளிநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். மாமாவின் வாளி வைத்தியம் இங்கே பல ஊர்களில் பலிக்காது. 1974இல் நெதர்லாந்தின் யோகன்னஸ் ரூக், தண்ணியில் இருக்கும் இலைதழைச் சத்தோடு குளோரின் சேர்ந்து குளோரோஃபார்ம் மாதிரிப் பொருள்கள் உண்டாவதைக் காட்டினார். 1979இல் அமெரிக்கா அதற்கு வரம்பு வைத்தது. அப்போதிருந்து பல ஊர்கள் குளோரினோடு அம்மோனியா சேர்த்து குளோரமின் ஆக்கி அனுப்புகின்றன. சான்பிரான்சிஸ்கோ 2004 பிப்ரவரியில் மாறியது. மாறும்போது இரண்டு கூட்டத்தாரைத் தனியாக எச்சரித்தார்கள்: டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், மீன் வளர்ப்பவர்கள். இரண்டு இடத்திலும் குளோரமின் நேராக ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களைக் கெடுக்கும்.

குளோரமின் ஒருநாளில் ஆவியாகாது, நாள்கணக்கில் நிற்கும். ஹைப்போ அதில் உள்ள குளோரினை உடைத்துவிடும், ஆனால் அம்மோனியா மிச்சமாகும், அதுவும் மீனுக்கு விஷம். ரொம்ப நாள் ஓடிப் பழகிய ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுவிடும். புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியா இருக்காது. அதனால்தான் வாங்கின முதல் மாதத்தில் இத்தனை மீன்கள் சாகின்றன. அம்மோனியாவையும் கட்டும் மருந்தா என்று பாட்டிலில் படித்து வாங்குங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணியிலேயே அலசுங்கள். ஒரே தடவையில் முழுத் தண்ணியையும் மாற்றாதீர்கள், நாலில் ஒரு பங்கு போதும். உங்கள் ஊர்த் தண்ணியில் குளோரினா குளோரமினா என்று தண்ணி வாரியத்தின் வருஷாந்திர அறிக்கையில் போட்டிருப்பார்கள்.

தங்கவயல் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். சம்பளம் நின்றதை எல்லோரும் எழுதினார்கள். சம்பளத்தோடு கம்பெனி பார்த்துக்கொண்ட தண்ணி ஏற்பாடும் தளர்ந்தது. பாலாற்றில் தண்ணி வராத வருஷங்களில் ஏரி வற்றும், குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து லாரித் தண்ணி வாங்க வேண்டியதுதான். கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரிலோ ஃப்ளோரைடு அதிகம், அதை எந்த ஹைப்போவும் எடுக்காது. மாமா கடைசி வரைக்கும் ஊரை விட்டு நகரவில்லை. தண்ணிப் பஞ்சம் வந்த வருஷம் மீன்களை யாருக்கோ கொடுத்துவிட்டு, அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் குடிதண்ணி பிடித்து வைத்தார்.