பெரட்டில் பெயரில்லாதோர்

தோட்டத்துத் தமிழரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கப்பல், கங்காணி, கூலி ஆகியவற்றை விரித்துரைக்கின்றனர். உழைத்து ஓய்ந்து, காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடப்படாத கிழவர் கிழவியரைப் பற்றியோ அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அம்முதியோரின் ஸ்திதி எத்தகையது என்பதைக் கொள்ளைநோய்க் காலங்கள் நன்கு காட்டுகின்றன.

1918ஆம் ஆண்டு அக்டோபரில் இன்புளுயென்சா என்னும் விஷக்காய்ச்சல் மலாயாவில் கடுமையாகப் பரவிற்று. நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் பலர் மாண்டனர். இந்தியாவில் மட்டும் மடிந்தோர் ஒரு கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர் எனக் கணக்கிடப்படுகிறது. இந்நோயின் விசித்திரம் யாதெனில், உலகெங்கும் அது 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமானவர்களையே அதிகமாக வாரிக்கொண்டு போயிற்று. உழைக்கும் மகனை இழந்த முதியவருக்கு அக்காலத்தில் என்ன ஆதரவு? ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்ததே 1951இல். லயத்து வீடோ வேலை செய்வோருக்கே உரியது. 1907ஆம் ஆண்டு ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து, உழைக்கச் சக்தியற்றோரை ஊருக்குத் திருப்பி அனுப்பச் செலவு செய்யப்பட்டது. கை ஓய்ந்தால் கப்பலேற வேண்டியதுதான் என்பதே அன்றைய ஏற்பாடு.

நூறாண்டுக்குப் பின், 2020 மார்ச் 18ஆம் நாள், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. இம்முறை கோவிட் தொற்று முதியோரையே அதிகமாக வருத்திற்று. ஆகையால் அவர்களைக் கூட்டத்தினின்று விலக்கிக் காத்தது நியாயமே. அதை நாம் குறைகூறவில்லை. காப்பதற்காக விலக்கியவர்களை அப்படியே மறந்துவிட்டோமே, அதைத்தான் குற்றம் என்கிறோம்.

கோலசிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் பெலிம்பிங்கில் நாம் கண்டதைக் கூறுவோம். கடைக்குள் நுழையவும், 2021இல் தடுப்பூசி பெறவும், மைசெஜாத்ரா செயலியில் பதிவு செய்வதே வழக்கமாயிற்று. செயலியில்லாதோருக்கு வேறு வழியும் இருந்தது. ஆனால் அதை முதியோரிடம் எடுத்துச் சொல்வார் இல்லை. ஒருநாள், பல்லாண்டு பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி, அடையாள அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து தூரத்தில் நின்றார்.

“கிராணி ஐயா, என் பேரையும் எழுதிக்குங்க. ஜொகூரிலே இருக்கிற மகன் வர வழியில்லே” என்றார்.

பதிவு சில நிமிடங்களில் முடிந்தது. அவரோ போகவில்லை, அரைமணி நேரம் நின்று பேசினார். வாரக் கணக்கில் தம்மிடம் யாரும் பேசவில்லை என்றார். நாள்தோறும் அவர் வீட்டைக் கடந்து சென்றவர்களுள் நாமும் ஒருவர். இங்கிலீஷ் படித்து, பிறர் பெயர்களை ஏட்டில் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அவர் பெயர் அன்றுதான் தெரிந்தது! இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அன்பர்களே! நோய் இனியும் வரும். தோட்டத்திலும் பட்டணத்திலும் தனித்திருக்கும் முதியோரின் பெயர்களை இளைஞர்கள் இப்பொழுதே எழுதி வைத்து, மருந்துக்கும் பேச்சுத்துணைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.